78 நாள் பொறுப்பு: வி.வி.கிரியும் வங்கிகளும்

குடியரசுத் தலைவர் பதவி திடீரெனக் காலியானால், புதியவர் பதவியேற்கும்வரை துணைத் தலைவரே அதன் பணிகளை ஆற்ற வேண்டும் என்று அரசமைப்பின் 65ஆம் கூறு விதிக்கிறது. ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டியிருப்பதால், இத்தகைய பொறுப்புத் தலைவர் பெரிய முடிவு எதிலும் இடம்பெறமாட்டார் என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் மறைந்ததும் பொறுப்பேற்ற துணைத் தலைவர் வி.வி.கிரியின் 78 நாட்கள் அந்த எண்ணத்துக்கு வலுவான மறுப்பு.

அன்றைய சென்னை மாகாணத்தின் பெர்ஹாம்பூரில் 1894-இல் பிறந்து டப்ளினில் சட்டம் பயின்ற கிரி, ரயில்வே தொழிற்சங்கங்களைக் கட்டி வளர்த்து, 1937-இல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சரானவர். வங்கி ஊழியர்களின் ஊதியம் குறித்துத் தீர்ப்பாயம் அளித்த முடிவை நேரு அரசு திருத்தியதை ஏற்க மறுத்து, 1954-இல் மத்திய அமைச்சர் பதவியையே துறந்தார்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1969 ஜூலை 19 அன்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உள்ளிட்ட 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டத்தில், அதாவது நாடாளுமன்றம் கூடாத வேளையில் அமைச்சரவையின் பரிந்துரைப்படி பிறப்பிக்கப்படும் சட்டத்தில், அவரே கையொப்பமிட்டார். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்க இரண்டே நாட்கள் இருந்த நிலையில் இவ்வழி தேவைதானா என்ற கேள்வி நியாயமானதே.

மறுநாளே, குடியரசுத் தலைவர் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிடுவதற்காக, அவர் இரு பொறுப்புகளிலிருந்தும் விலகினார். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் இல்லாத நிலையில் யார் பொறுப்பேற்பது என்பதை அரசமைப்பு நேரடியாகக் கூறாததால், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு அப்பொறுப்பை அளிக்கும் சட்டம் அவ்வாண்டு மே மாதமே இயற்றப்பட்டிருந்தது, அதன்படி எம்.ஹிதாயத்துல்லா பொறுப்பேற்றார். தேர்தலில் காமராஜர் உள்ளிட்ட மூத்த காங்கிரஸ் தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்த, இந்திரா காந்தியும் தி.மு.க.வும் கிரியை ஆதரித்தனர். முதல் சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாமல், இரண்டாம் விருப்ப வாக்குகளால் கிரி வென்றார்.

1970 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் வங்கி நாட்டுடைமைச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்தபோது, நான்கே நாட்களில் பிறப்பிக்கப்பட்ட புதிய அவசரச் சட்டத்திலும் கிரியே கையொப்பமிட்டார். இம்முறை முழுமையான குடியரசுத் தலைவராக.