உயர்மாடிக் கட்டடத்தின் சட்டகம்

சென்னை அண்ணா சாலையிலுள்ள 177 அடி உயரமான ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் கட்டடம் 1959-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 1953-இல் இதனைத் தொடங்கியது ஒரு தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனியாகும். 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாக்கப்பட்டது.

செங்கற்சுவரே சுமையைத் தாங்குமாயின், மாடிகள் உயர உயர அடிச்சுவர் தடித்து, கீழ்த்தளத்தில் இடம் குறுகிவிடும். இங்கோ, இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட் உத்தரங்களும் தூண்களும் சட்டகமாக அமைந்துள்ளன. தளத்தின் பளு உத்தரத்துக்கும், உத்தரத்திலிருந்து தூணுக்கும், தூண் வழியே அடித்தளத்துக்கும் செல்கிறது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குகிறது. இழுவிசையைக் கம்பி ஏற்கிறது. சுவர் வெறும் திரையே. ஆதலின் அகன்ற சன்னல்கள் வைத்தல் கூடும்.

1975-இல் இங்கே பெருந்தீ மூண்டது. கட்டடம் செப்பனிடப்பெற்று இன்றும் பயன்படுகிறது. சட்டகம் காப்பது கட்டடத்தையே. உள்ளிருப்போரைக் காப்பவை தப்பி இறங்கும் படிக்கட்டுகளும் மேல்மாடிக்கு நீர் ஏற்றும் குழாய்களுமாம். இவற்றையும் தூண்களோடு சேர்த்தே திட்டமிடல் வேண்டும்.