மிளகாய் போட்டா விவசாயம், அரைச்சு வித்தா வம்பா?



நயினார்கோவில் பக்கத்துத் தம்பி ஒருத்தர் போன மாசம் என்னைப் பார்க்க வந்தார். சென்னையில ஐடி வேலை, கையில 48,000 ரூபாய் வருது. அதை விட்டுட்டு ஊர்லயே குண்டு மிளகாயை அரைச்சு பாக்கெட் போட்டு விக்கணுமாம். கணக்கெல்லாம் ஓரளவு சரிதான். தடை அம்மாதான். "கடை வச்சவனுக்கு யாருப்பா பொண்ணு குடுப்பா?"

வேடிக்கை என்னன்னா, அந்தக் குடும்பமே வருஷா வருஷம் ரிஸ்க் எடுக்குற குடும்பம். மானாவாரி மிளகாய். ஐப்பசி மழை ஏமாத்தினா போட்ட காசு போச்சு. வத்தல் காயப்போடுற நேரத்துல மழை பெஞ்சா நிறம் போச்சு. விலையைக் கமிஷன் கடைக்காரர் சொல்வார். நகையை அடகு வச்சு இத்தனையும் செய்றாங்க. ஆனா அப்பா நிலத்துல நட்டப்பட்டா "மழை பொய்ச்சிருச்சு", மகன் கடையில நட்டப்பட்டா "அவனுக்குப் புத்தி இல்ல". வானத்தைப் பார்த்தே வாழ்ந்தவங்களுக்கு மாசம் பொறந்தா வர்ற சம்பள மெசேஜ் சின்ன விஷயமில்ல. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

அதே வறண்ட சீமைதான் செட்டிநாடும். முன்னாடி அதுல பெரும்பகுதி ராமநாதபுரம் மாவட்டத்துலதான் இருந்துச்சு. நகரத்தார் வீட்டுப் பசங்க சின்ன வயசுலேயே கணக்கெழுதப் பழகி, பர்மா, மலேயா கடைகள்ல தொழில் கத்துக்கிட்டாங்க. 1937ல எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் ஆரம்பிச்ச இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு ஒரே நாள்ல மூணு ஊர்ல திறந்துச்சு. "அது அவங்க ரத்தத்துல இருக்கு"ன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும். ரத்தம் இல்லைங்க, பழக்கம். கல்யாணம் ஆனதும் மகனை 'வேறு வைக்கிற' வழக்கம் அங்க உண்டு. அதே பெரிய வீடுதான், ஆனா தனி அடுப்பு, தனி வரவு செலவு. ஒரு ஆடிட்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கம் இது.

தம்பிகிட்டயும் அதையேதான் சொன்னேன். வேலையை இப்போ விடாதீங்க. மிளகாய்க்குத் தனி பேங்க் அக்கவுண்ட், அதுல 1.5 லட்சம். அதுக்கு மேல சம்பளத்துல இருந்து ஒரு ரூபா போகக் கூடாது. பி.எஃப். பக்கமே போகாதீங்க, 5 வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வேற. அப்பாவோட வத்தலுக்கும் கமிஷன் கடை விலையைக் குடுத்துடுங்க, இல்லன்னா நீங்க பார்க்குற லாபமே பொய். 2023ல ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அந்த அடையாளத்தை பாக்கெட்ல போடணும்னா பயனாளரா பதிவு பண்ணணும், மறந்துடாதீங்க.

அம்மாகிட்ட 'பிசினஸ்'னு பேசாம, "போனா இவ்வளவுதான் போகும்"னு அந்தத் தொகையைச் சொல்லச் சொன்னேன்.

போன வாரம் போன் பண்ணினார். அம்மா இன்னும் சம்மதிக்கலையாம். ஆனா பரமக்குடியில எந்த மில்லுல அரைக்கப் போறேன்னு கேட்டாங்களாம்.