சம்பளம் வந்த பக்கம் குதிரை

வைட்ஃபீல்ட் டீக்கடையில் பிரெஞ்சுக் குதிரைப்படை பற்றிப் பேச்செடுத்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் 1761-இல் அந்தப் படை தஞ்சம் புகுந்த ஊர் பெங்களூருதான். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

அப்போது வைட்ஃபீல்ட் கிடையாது. யூரேசியர்கள் குடியேற மைசூர் மகாராஜா நிலம் கொடுத்து, 1882-இல்தான் இந்த ஊர் உருவானது. கதை தொடங்குவது நம் வந்தவாசியில்.

1760 ஜனவரி 22. பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு எதிரே ஆங்கிலேயரின் அயர் கூட். லாலியிடம் சுமார் 300 ஐரோப்பியக் குதிரை வீரர்கள் இருந்தார்கள். ஹுஸ்ஸார்கள் என்பார்கள், கனத்த கவசம் இல்லாமல் வேகமாகப் பாய்கிற படை. பாயச் சொன்னார், நகரவில்லை. தானே முன்னால் போய் நின்றார். கொஞ்ச தூரம் வந்தார்கள். ஆங்கிலேயர் பீரங்கி முழங்கியதும் திரும்பிவிட்டார்கள். கோழைகள் என்று எழுதிவிடுவது சுலபம். முந்தைய அக்டோபரில்தான் சம்பளப் பாக்கிக்காக லாலியின் சிப்பாய்கள் கலகம் செய்திருந்தார்கள். கூலி தராதவனுக்காக எவன் உயிரை விடுவான்?

அடுத்து புதுச்சேரி முற்றுகை. அடைபட்ட ஊருக்குள் குதிரைக்குப் புல்லுக்கு எங்கே போவது? படை வெளியே இருந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும், அலேன், ஹ்யூகல் என்ற அதிகாரிகள் தங்கள் ஆட்களோடு பெங்களூருக்கு வந்து மைசூர்த் தளபதி ஹைதர் அலியிடம் சேர்ந்தார்கள். ஹைதருக்கும் அது நெருக்கடியான நேரம். நேற்றுவரை கூட இருந்த கண்டே ராவ் எதிரியாகியிருந்தார்; ஸ்ரீரங்கப்பட்டணம் கைவிட்டுப் போயிருந்தது. வந்தவர்களை விடுவாரா? அந்த ஆண்டே மைசூர் அவர் கைக்கு வந்தது. வென்றது பிரெஞ்சுக்காரர்களால்தான் என்று சொல்லிவிடக் கூடாது. ஹைதரின் பலம் அவருடைய சொந்தக் குதிரைப்படை. வெள்ளைக்காரப் பயிற்சியின் மதிப்பு தெரிந்து அதைக் கூலிக்கு வாங்கினார், அவ்வளவுதான்.

தோற்ற லாலியை 1766-இல் பாரிஸில் தலை வெட்டினார்கள். இன்னொரு லாலி பின்னாளில் மைசூருக்காகப் போரிட்டார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியபோது களத்தில் இருந்தவர் அவர்.

ஸ்ரீரங்கப்பட்டணம் போனால் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரை அவசரப்படாமல் பாருங்கள். பல்லக்கில் பெய்லி, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, தொலைநோக்கியோடு அந்த லாலி, எல்லாம் அங்கே தீட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டம் தாங்காது.