மனையின் மண்ணைப் பார்த்தீர்களா?

புனேயிலோ நாசிக்கிலோ சோலாப்பூரிலோ பல ஆண்டுகள் வாடகை வீட்டில் காலந்தள்ளி, சிறுகச் சிறுகச் சேமித்து, நகரத்துக்கு வெளியே ஒரு மனை வாங்க எண்ணியிருக்கிறீர்களா? பத்திரத்தைப் பலமுறை வாசிப்பீர்கள். அந்த மனையின் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்ததுண்டா?

மண் வெறும் தூளன்று. நல்ல தோட்ட மண்ணில் ஏறத்தாழப் பாதியே திடப்பொருள். மீதி காற்றும் நீரும். அந்தத் திடப்பொருளிலும் பெரும்பகுதி பாறை சிதைந்த துகள்களே. மட்கிய இலைதழை சிறு பங்குதான். துகளின் பருமனே மண்ணின் சுபாவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மணல் கண்ணுக்குத் தெரியும். வண்டல் மாவைப்போல் இருக்கும். களித்துகளோ 0.002 மில்லிமீட்டரிலும் சிறியது.

மகாராஷ்டிரத்துக் கறுப்பு மண்ணின் தாய்ப்பாறை எரிமலைக் குழம்பு. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் வெடிப்புகளிலிருந்து பொங்கி, அடுக்கடுக்காய் உறைந்த பசால்ட் பாறை இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. வெயிலும் மழையும் வேர்களும் அதை உடைத்தன. நீர் அதன் தாதுக்களை மெல்ல மாற்றிக் களியாக்கிற்று. கறுப்பாயிருப்பதால் மட்கு மிகுதி என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது.

நம்மில் கோவில்பட்டிப் பக்கத்தார் கரிசலை நன்கறிவர். அதன் பிறப்பு வேறு; அங்கே எரிமலைக் குழம்பு பாயவில்லை. குணம் மட்டும் ஒன்றே.

அந்தக் குணத்திற்குக் காரணம் மான்ட்மோரில்லனைட் என்னும் களித்தாது. புத்தகத்தின் தாள்களைப்போல் அடுக்கப்பட்ட அதன் ஏடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் மண் ஊதிப் பெருக்கும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையுமளவு வெடிக்கும். பருத்திக்கு இது வரம். ஈரத்தை நெடுநாள் காத்து வைக்கும். வீட்டுக்கோ அப்படியன்று. வெளிச்சுவரின் அடியில் மண் நனைந்து காய்கிறது, நடுவீட்டின் அடியில் அவ்விதம் நேர்வதில்லை. ஆகவே ஒரு பக்கம் எழும்ப, மறுபக்கம் அசையாதிருக்கும். இரண்டாம் கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கும். மேஸ்திரி சிமெண்டு பூசி அடைப்பார். அடுத்த கோடையில் அதே இடம் திறக்கும். சுவரைக் குற்றப்படுத்திப் பயனில்லை.

மணலின்மேல் கட்டின வீட்டின் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளையும் சொல்லும். இங்கே அஞ்சவேண்டியது களிக்கு. கறுப்பு மண் ஆழமற்ற இடத்தில் அதை முழுவதும் அகற்றி, கீழேயுள்ள முரூம் அல்லது பாறைமீது அஸ்திவாரம் போடலாம். ஆழமான இடத்தில், அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த கான்கிரீட் தூண்களைப் பூமிக்குள் இறக்குவர். ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் அவை பற்றிக்கொள்ளும். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இம்முறையை நம் நாட்டில் வளர்த்தது. செலவு கூடும்தான், பின்னர் வீட்டை இடித்துக் கட்டுவதைவிடக் குறைவு.

மண் பரிசோதனைக் கூடத்தில் 'ஃப்ரீ ஸ்வெல்' சோதனையைக் கேளுங்கள். உலர்ந்த மண் 10 கிராம் தண்ணீரிலும், 10 கிராம் மண்ணெண்ணெயிலும் இட்டு, 24 மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். மண்ணெண்ணெயில் களி ஊதாது. அந்த வித்தியாசமே உங்கள் மண்ணின் குணம்.

முன்பணம் கொடுக்குமுன் மே மாதத்தில் ஒருமுறை மனைக்குப் போய்வாருங்கள். புல் மூடிய மழைக்காலத்தில் அந்த வெடிப்புகள் கண்ணில் படா.