கணினிக்குப் பெயர் வரும் வழி

இரவில் நிறுத்தி மறுநாட் காலையில் இயக்கப்பட்ட கணினியொன்று, தன் பெயரை மறந்து 'லோக்கல்ஹோஸ்ட்' என்று விழித்து நிற்பதுண்டு. இதனை வேடிக்கையென்று தள்ளிவிட முடியாது. செய்திகளை வரிசைப்படுத்திக் கடத்தும் 'ராபிட்எம்கியூ' என்னும் மென்பொருள், தன் தரவுகளை வைக்கும் அடைவுக்குக் கணினியின் பெயரையும் சேர்த்தே பெயரிடுகிறது. கணினியின் பெயர் மாறினால் அது வெற்று அடைவொன்றைத் திறந்துகொண்டு புதிதாகத் தொழிலைத் தொடங்கும். சேமித்தவை யாவும் அழிந்தனவென்று பராமரிப்பவர் தலையிற் கைவைப்பார். அவையோ பழைய பெயருடைய அடைவில் அப்படியே கிடக்கும்.

லினக்ஸ் கணினி விழித்தெழுகையில், 'சிஸ்டம்டி' என்னும் தொடக்க நிரல் 'ஈரிசி' அடைவிலுள்ள 'ஹோஸ்ட்நேம்' என்ற கோப்பை வாசித்து, அதிலுள்ள பெயரைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. இதுவே நிலையான பெயர். அது 64 எழுத்துக்களை மிஞ்சலாகாது. கோப்பு வெறுமையாயிருப்பின், வலையமைப்பு இணைந்தபின் முகவரி வழங்கும் டீஎச்சீபீ சேவகம் ஒரு பெயரையும் கூடவே வழங்கக்கூடும். அதுவும் வாராதபோது, 'நெட்வேர்க் மானேஜர்' தனக்குக் கிடைத்த முகவரியைக் காட்டி, அதற்குரிய பெயர் யாதென்று டீஎன்எஸ்ஸிடம் வினவும். எங்கும் விடை கிடையாதபோதே லோக்கல்ஹோஸ்ட் என்னும் அநாதைப் பெயர் நிலைக்கிறது.

பிழை பெரும்பாலும் பழக்கத்திலிருந்து பிறக்கிறது. ரெட் ஹாட் நிறுவன லினக்ஸின் 6ஆம் பதிப்புவரை பெயர் வேறொரு கோப்பில், 'சிஸ்கொன்பிக்' அடைவினுள் எழுதப்பட்டது. 2014இல் வந்த 7ஆம் பதிப்பு அவ்வழக்கத்தைக் கைவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்துப் பழைய கோப்பில் எழுதுபவர் எத்தனை தரம் எழுதினும் பயனில்லை. 'ஹோஸ்ட்நேம்' என்னும் கட்டளையால் மட்டும் பெயரை மாற்றுவோர்க்கும் இதே கதிதான். அம்மாற்றம் நினைவகத்தில் மாத்திரம் நிற்பதால், மறு தொடக்கத்தில் மறைந்துவிடும்.

ஆகவே முதலில் 'ஹோஸ்ட்நேம்சிரிஎல்' என்னும் கட்டளையை இட்டுப் பார்த்தல் வேண்டும். நிலையான பெயரும் தற்காலிகப் பெயரும் வேறுபட்டால் அது இரண்டையும் தனித்தனியே காட்டும். தற்காலிகப் பெயர் அந்நியமாய்த் தோன்றின், குற்றத்தை வலையமைப்பின் பக்கம் தேடலாம். பெயர் எங்கிருந்து வந்ததென்பதை நெட்வேர்க் மானேஜர் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். நிலையான பெயரே தொடக்கந்தோறும் திருத்தி எழுதப்படுகிறதா? வாடகைக்குப் பெற்ற மேகக் கணினிகளில் இது 'கிளவுட்-இனிற்' என்னும் நிரலின் கைவரிசையாயிருக்கலாம். பெயரைப் பேணுமாறு அதன் அமைப்பில் ஒருவரி சேர்த்தால் அடங்கிவிடும்.

பெயர் சரியான பின்னரும் 'சூடோ' கட்டளை முணுமுணுத்தால் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பைப் பார்க்கவேண்டும். ஒருகாலத்தில் அமெரிக்க ஆர்பாநெற்றின் கணினிப் பெயர்கள் யாவும் கலிபோர்னியாவிலிருந்து வழங்கப்பட்ட ஒரே பட்டியலில் அடங்கின. போல் மொக்காபெற்றிஸ் 1983இல் டீஎன்எஸ்ஸை வகுத்தபின்னும், அப்பட்டியலின் சிறு வாரிசாக இக்கோப்பு ஒவ்வொரு கணினியிலும் எஞ்சியிருக்கிறது. டெபியன் கணினியில், அதில் 127.0.1.1 என்ற எண்ணுக்கு எதிரே பழைய பெயர் நின்றால், அதனை அழித்துப் புதியதை எழுதவேண்டும்.