சம்பளச் சீட்டில் வராத விடுப்பு

கை ஓங்காத வன்முறை – 7

ஆஸ்திரேலியாவில் குடும்ப வன்முறைக்கு ஆளான ஊழியர், சம்பளத்துடன் ஆண்டுக்கு 10 நாள் விடுப்பு எடுக்கலாம். 2023 பிப்ரவரியில் தொடங்கிய இந்த உரிமை, அதே ஆண்டு ஆகஸ்டில் சிறு நிறுவனங்களுக்கும் வந்தது. தற்காலிக ஊழியருக்கும் உண்டு. இதனுடன் ஒரு விதியும் சேர்ந்திருக்கிறது: அந்த விடுப்பின் பெயர் சம்பளச் சீட்டில் வரவே கூடாது. வழக்கம்போல் வேலை பார்த்த நேரமாகவே அதைப் பதியலாம்.

ஏனென்றால், அந்தச் சீட்டை வாங்கிப் பார்ப்பவன் வீட்டில் இருக்கிறான்.

இந்த விதியை எழுதியவர்களுக்கு அந்த வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கிறது. எங்கே போனாய், எவ்வளவு செலவழித்தாய், யாரோடு பேசினாய் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கும் வீடு அது. இத்தகைய கட்டுப்பாட்டை 'கோயர்சிவ் கண்ட்ரோல்' என்கிறார்கள். அடக்கியாளுதல் என்று நாம் சொல்லலாம். இதைப் பற்றி 2007-இல் விரிவாக எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் எவன் ஸ்டார்க், அடியையும் காயத்தையும் மட்டும் எண்ணினால் பறிபோன சுதந்திரம் கண்ணில் படாது என்று வாதிட்டார்.

அது கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020 பிப்ரவரி 19 காட்டியது. பிரிஸ்பேனில் ஹன்னா கிளார்க்கையும் மூன்று குழந்தைகளையும், அவர் பிரிந்து வந்த கணவன் காரிலேயே எரித்துக் கொன்றான். அவர் என்ன உடுத்தலாம் என்பதைக்கூட அவன்தான் தீர்மானித்து வந்திருக்கிறான். குடும்ப வன்முறை என்றால் அடி உதைதான் என்று தாங்களும் நினைத்திருந்ததாக ஹன்னாவின் பெற்றோர் பின்னர் வேதனையோடு சொன்னார்கள். நியூ சவுத் வேல்ஸில் 2024 ஜூலை முதல் அடக்கியாளுதல் தனிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறை. ஹன்னாவின் மாநிலமான குயின்ஸ்லாந்தில் 2025 மே முதல் 14 ஆண்டு வரை.

ஆனால் காவல் நிலையத்துக்குப் போவதற்கு வெகுமுன்பே, இப்படி அடக்கியாளப்படும் பெண் வங்கிக்குப் போகிறாள், வேலைக்குப் போகிறாள். தடயம் அங்கேதான் முதலில் விழுகிறது. 2020-இல் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி தன் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தது. மூன்றே மாதத்தில் 8,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மீண்டும் மீண்டும் சில்லறைத் தொகைகள் வந்திருந்தன. பல ஒரு டாலருக்கும் குறைவு. பணத்தோடு வந்த குறிப்பில் வசையும் மிரட்டலும். பணம் அனுப்பியவனின் எண்ணை அவள் தொலைபேசியில் தடுத்துவிட்டாள். வங்கிக் கணக்கு திறந்திருந்தது. வங்கி விதிகளை மாற்றியது, அத்தகைய சொற்களைத் தடுக்கத் தொடங்கியது.

மீட்சியும் இதே வங்கி, அலுவலக மேசைகளில்தான் தொடங்குகிறது. அவள் பெயரில் அவன் வாங்கிய கடனை வங்கி தனியாகப் பார்க்க வேண்டும். புது முகவரி பழைய கூட்டுக் கணக்கின் வழியாகக் கசியக் கூடாது. வேலை நேரத்தை நிறுவனம் மாற்றித் தர வேண்டும்; வரவேற்பறையில் விசாரிப்பவனுக்கு அவள் இருக்கும் இடம் சொல்லக் கூடாது. "ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாய்?" என்று கேட்காமல், "இந்த எண்ணுக்கு நாங்கள் கூப்பிட்டால் உங்களுக்கு ஆபத்தில்லையா?" என்று கேட்க ஊழியருக்குப் பயிற்சி வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவருக்கும் ஒரு சொல். விக்டோரியா மாநிலச் சட்டம், வரதட்சணை கேட்டு வதைப்பதைக் குடும்ப வன்முறைக்கு உதாரணமாகவே குறிப்பிடுகிறது. "விசாவை ரத்து செய்துவிடுவேன்" என்று மிரட்டுபவனை நம்பி அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. துணைவர் விசாவில் வந்தவர் வன்முறையால் பிரிந்தாலும் நிரந்தர வசிப்புரிமை பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது.

உங்கள் அலுவலகத்தில் ஒருத்தியின் கைபேசி ஓயாமல் அடிக்கலாம். சம்பள நாளிலும் அவள் கையில் பேருந்துக் காசு இல்லாமல் இருக்கலாம். குடும்ப விஷயம் என்று ஒதுங்காதீர்கள். தனியாக, அவள் அனுமதியோடு கேளுங்கள், சொன்னால் நம்புங்கள், கேட்டதை வெளியே விடாதீர்கள்.

(தொடரும்)