ஜெபமாலைக்குள் ஆடும் தூளி

அக்டோபர் பிறந்ததும் கத்தோலிக்கக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். தினமும் ஜெபமாலை சொன்னால் பிரஷர் இறங்கிவிடும், மாத்திரையே வேண்டாம், இத்தாலிய விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்று. தைப்பூசம் நெருங்கும்போது அதே செய்தி வேறு குழுக்களில் வரும். அப்போது ஜெபமாலையின் இடத்தில் மந்திரம் இருக்கும். வடலூர், நெய்வேலி பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டுமே வந்து சேரும்.

இந்தச் செய்திக்கு அடியில் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஒரு வரிகூட அதில் கிடையாது. ஆனால் அதில் இருக்கும் விஷயம், பரப்பப்படும் செய்தியைவிடப் பல மடங்கு அழகானது.

இதைப் பேச வடலூர் பொருத்தமான இடம். கடலூர்–விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி–கும்பகோணம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இந்த ஊரில் வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசியோடு வருகிறவர்களுக்கு, அவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர், அங்கே சோறு கிடைக்கிறது. 1872இல் எழுந்த சத்திய ஞானசபையில் அருட்பெருஞ்ஜோதி மகாமந்திரத்தைக் கூட்டாகச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே நெய்வேலி. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் பல ஊர்களிலிருந்து, பல மதங்களிலிருந்து வந்தவர்களின் நகரியம் அது. பணி ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்களில் பலர் சுற்றுப்புற ஊர்களிலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். மாலையில் கத்தோலிக்கர்களின் அன்பியக் கூட்டத்திலோ வள்ளலார் வழியினரின் சன்மார்க்க சங்கத்திலோ கூடி உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கூட்டத்தில் பெரும்பகுதி இவர்கள்தான்.

அந்தத் திரும்பச் சொல்லலைத்தான் இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் ஆக்ஸ்போர்டின் பீட்டர் ஸ்லைட் உள்ளிட்ட குழுவினரும் அளந்தார்கள். முடிவு 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நோயில்லாத 23 பேர். ஒருமுறை லத்தீனில் மரியாயின் மங்கள வார்த்தை ஜெபம், ஒருமுறை ஒரு பௌத்த மந்திரம், ஒருமுறை இயல்பான மூச்சு, ஒருமுறை தாளக்கருவி வைத்துக் கட்டுப்படுத்திய மூச்சு. ஒவ்வொன்றின்போதும் இதயத் துடிப்புகளின் இடைவெளி, ரத்த அழுத்தம், மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் எல்லாம் பதிவாயின.

ஜெபம் சொல்லும்போதும் மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. சாதாரணமாக நாம் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். யாரும் அவர்களை மெதுவாக மூச்சுவிடச் சொல்லவில்லை. சொற்களே மூச்சை அந்த அளவுக்கு இழுத்துப் பிடித்துவிட்டன. ஆறு என்ற அந்த எண்ணில்தான் இந்தக் கட்டுரையின் சுவையெல்லாம் இருக்கிறது.

கழுத்தில் மூளைக்குப் போகும் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து வெளிவரும் மகாதமனியின் வளைவிலும், ரத்தக்குழாயின் சுவருக்குள் நுண்ணிய நரம்பு முனைகள் பதிந்திருக்கின்றன. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும், முனைகள் இழுபடும், முகுளத்துக்குச் செய்தி போகும். அங்கிருந்து இரண்டு கட்டளைகள் கிளம்புகின்றன. வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்குப் போகும் கட்டளை ஒரு வினாடிக்குள் வேலையைக் காட்டும், துடிப்பு மெதுவாகும். பரிவு நரம்புகள் வழியாக உடலெங்கும் உள்ள ரத்தக்குழாய்களுக்குப் போகும் கட்டளையோ சில வினாடிகள் தாமதித்துத்தான் பலிக்கும். குழாய்கள் தளர்வதற்குள் தேவைக்குமேல் நேரம் போய்விடுவதால் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இறங்கிவிடும். உடனே எதிர்க்கட்டளை போகும்; அதுவும் தாமதமாகவே பலிக்கும். இப்படி ஏறி இறங்கி வர ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி ஆகிறது. நம் எல்லோருடைய ரத்த அழுத்தத்திலும் இந்த மெல்லிய அலை எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1876இல் இதை விவரித்த சிக்மண்ட் மேயரின் பெயரால் இது மேயர் அலை எனப்படுகிறது.

இன்னொரு அலை மூச்சினால் வருவது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், விடும்போது மெதுவாகும். நிமிடத்துக்குப் பதினைந்து முறை மூச்சுவிட்டால் இந்த அலைக்கு நான்கு வினாடி. மேயர் அலைக்குப் பத்து வினாடி. இரண்டும் தத்தம் போக்கில் போகும். மூச்சை நிமிடத்துக்கு ஆறாக்கினால் அதற்கும் பத்து வினாடி. இரண்டு அலைகளும் கைகோத்துக்கொள்ளும்.

உத்தரத்தில் சேலைத் தூளி கட்டிக் குழந்தையை ஆட்டிய எந்தப் பாட்டிக்கும் இது தெரிந்த விஷயம். தூளிக்கு என்று ஒரு நேரம் உண்டு. அது போய்த் திரும்பும் நேரமறிந்து ஒற்றை விரலால் தள்ளினால் போதும், வீச்சு பெருகிக்கொண்டே போகும். பொறுமையில்லாத பேரன் வந்து நினைத்தபோதெல்லாம் தள்ளினால் தூளி குலுங்கும், குழந்தை அழும். தூளியின் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். இரண்டரை மீட்டர் உயரத்தில் கட்டிய தூளி மூன்று வினாடிக்கு ஒருமுறை ஆடும். நம் உடலுக்குள் ஆடும் தூளிக்குப் பத்து வினாடி வேண்டும். அப்படி ஒன்றைக் கட்ட 25 மீட்டர் கயிறு தேவை, எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் உத்தரம் இருக்க வேண்டும். அவ்வளவு நீளக் கயிறாக இங்கே இருப்பது நரம்புக் கட்டளையின் தாமதம். ஒற்றை விரலாக இருப்பது மூச்சு. தூளிக்குள் கிடக்கும் குழந்தை எது என்று கேட்டால், மூளை என்று சொல்லலாம்: பெர்னார்டி குழு எடுத்த பதிவுகளில் மூளையின் ரத்த ஓட்டமும் அதே பத்து வினாடித் தாளத்தில் ஏறி இறங்கியது.

இதன் பலன் என்ன? அழுத்தம் ஒரு புள்ளி ஏறும்போது, அதாவது ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவு கூடும்போது, இதயம் தன் அடுத்த துடிப்பை எத்தனை மில்லிவினாடி தள்ளிப்போடுகிறது என்பதுதான் அழுத்தத்தைச் சரிசெய்யும் இந்த அனிச்சைச் செயலின் கூர்மைக்கு அளவுகோல். அது சராசரியாக 9.5இலிருந்து 11.5க்கு உயர்ந்தது. ஜெபத்துக்கும் மந்திரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சமய வேறுபாடுகளைக் கடந்த வழிபாட்டை வலியுறுத்திய வள்ளலாரின் ஊரில் இந்த முடிவுக்குத் தனி வரவேற்பு கிடைக்கும்.

ஜெபமாலையின் கட்டமைப்பு இதற்கென்றே செய்யப்பட்டதுபோல இருக்கிறது. முன்சொல்பவர் முதல் பாதியைச் சொல்கிறார், கூட்டம் மறுபாதியைச் சொல்கிறது. பேசுவது என்றாலே மூச்சை வெளியே விடுவதுதான். ஆகவே நம் பாதியைச் சொல்லும்போது நீண்ட வெளிமூச்சு. அடுத்தவர் முறை வரும்போது அவசரமில்லாமல் உள்மூச்சு. லத்தீனில் இரண்டு பாதியும் சேர்ந்து ஏறத்தாழ பத்து வினாடி. தமிழ் ஜெபத்தில் அசைகள் கூடுதல். நிதானமாகச் சொன்னால் ஒரு பாதியை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் பலரும் நடுவில் மூச்செடுப்பார்கள். வேகமாக ஓட்டினால் தாளமே சிதறிவிடும். ஐம்பத்து மூன்று மணியை எட்டு மணி சீரியலுக்கு முன் முடித்துவிடத் துடிக்கும் வீடுகளில் இந்த ஆய்வின் பலனை எதிர்பார்க்க முடியாது. மகாமந்திரத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு. நான்கே சொல், இழுத்துச் சொன்னாலும் ஒரு மூச்சுக்குள் அடங்கும். கீர்த்தனை பாடும் சீர்திருத்த சபைகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2013இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் நடந்த ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு பாட்டின் அடிகளுக்கேற்ப ஒன்றாக வேகமெடுத்து ஒன்றாகத் தளர்ந்தது தெரிந்தது.

வரலாற்றை விரும்புகிறவர்களுக்கு ஒரு சுருக்கம். புனித சாமிநாதருக்கு மாதா ஜெபமாலையைக் கொடுத்தார் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. சங்கீதங்கள் 150ஐயும் படிக்க இயலாத எளியவர்கள் அதற்கு ஈடாகச் சொன்ன 150 ஜெபங்களிலிருந்து மெல்ல உருவானது என்பதே பொதுக் கருத்து. 1569இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் முறைப்படுத்தினார், 1571இல் லெபாந்தோ கடற்போர் வெற்றிக்குப்பின் அக்டோபர் 7 திருநாளாயிற்று, 1883இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அக்டோபரை ஜெபமாலைக்கு ஒதுக்கினார். இந்தியத் துறவிகளின் மணிமாலை அரபு நாடுகள் வழியாகச் சிலுவைப் போர்வீரர்களால் ஐரோப்பா போயிருக்கலாம் என்று பெர்னார்டி குழு ஓர் ஊகத்தையும் எழுதிவைத்தது. அவர்களுடைய இதயப் பதிவுகளுக்கு இருக்கும் வலு அந்த ஊகத்துக்கு இல்லை.

இனி, வாட்ஸ்அப் செய்தியின் கணக்கைத் தீர்க்க வேண்டும். 23 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், எழுபது வயதுப் பிரஷர் நோயாளிகள் அல்ல. அளந்தது ஜெபம் சொல்லும் அந்தச் சில நிமிடங்களை மட்டும். ஆறு மாதம் கழித்து பிரஷர் எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மெதுமூச்சைக் கருவி வைத்துப் பயிற்றுவிப்பதை மருந்துக்குத் துணையாகக் கருதலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013இல் சொன்னது. அதே ஆண்டு நெதர்லாந்தில் நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்களில் பாதிப் பேரிடம் உண்மைக் கருவியும் பாதிப் பேரிடம் போலிக் கருவியும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. கருவி விற்பவர்கள் இந்த இரண்டாவது தாளை எடுத்துக் காட்டுவதில்லை.

பிறருக்காக வேண்டுவதால் நோய் குணமாகுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அமெரிக்காவில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரிடம் அதையும் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். தனக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்த குழுவில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் வந்தன. ஜெபிக்கப்பட்டும் அது உறுதியாகத் தெரியாதவர்களில் 52. அன்பை அளக்க அந்தச் சோதனை ஏற்றதல்ல. ஆனால் ஜெபத்தை மருந்துச் சீட்டில் எழுதலாம் என்று நினைக்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

கூடிவருவதன் பலனுக்குத்தான் இவற்றைவிடப் பெரிய சான்று இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் 74,534 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளியானது. வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வழிபாட்டுக்குப் போனவர்களின் இறப்பு விகிதம், போகவே போகாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவு. புகைப்பழக்கம், மனச்சோர்வு, பழகத் துணை இருப்பது ஆகியவை அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்கின. கோயிலுக்கு நடந்து போகும் உடல்வலு உள்ளவர்கள்தான் அடிக்கடி போவார்கள் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் முயன்றார்கள், முழுமையாகக் கழிப்பது கடினம். எப்படியிருந்தாலும், வாரத்தில் இரண்டு மாலை வீட்டைவிட்டு வெளியே வந்து நான்கு பேரிடம் பேசும் பெரியவருக்கு, ஒரு நாள் வராவிட்டால் ஆள் அனுப்பி விசாரிக்க அந்த நான்கு பேர் இருக்கிறார்கள்.

முதியவர்களுக்கு ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் அந்த அனிச்சைச் செயல் ஏன் முக்கியம் என்பது திருப்பலியில் முழந்தாளிட்டு எழும்போது தெரியும். நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. இளவயதில் கழுத்துத் தமனியின் உணர்வு முனைகள் அதைக் கண நேரத்தில் கவனித்துச் சரிசெய்துவிடும். வயதாக ஆக தமனிச் சுவர் விறைத்துப்போகிறது; விரியாத சுவரில் முனைகள் இழுபடுவதில்லை; செய்தி மங்கலாகப் போய்ச் சேருகிறது. கண் இருட்டும், தலை கிறுகிறுக்கும், சிலர் விழுந்துவிடுவார்கள். பிரஷர் மாத்திரைகளும் சில புராஸ்டேட் மாத்திரைகளும் இதைக் கூட்டலாம். வயிறு நிறையச் சாப்பிட்டதும் சில முதியவர்களுக்கு அழுத்தம் இறங்கும் என்பதால், அன்னதானப் பந்தியிலிருந்து சட்டென்று எழுவதும் இதே வகைதான்.

பங்குகளில் செய்யக்கூடியவை எளியவை. முழந்தாளிட முடியாதவர்கள் உட்கார்ந்தபடி ஜெபிக்கலாம் என்பதை உபதேசியார் ஒலிபெருக்கியில் ஒருமுறை சொன்னால் பலருடைய கூச்சம் போகும். எழுவதற்கு முன் கெண்டைக்கால் தசைகளை நாலைந்து முறை இறுக்கித் தளர்த்தலாம். தேங்கிய ரத்தம் மேலே ஏறும். எழுந்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு நின்றபின் நடக்கலாம். முன்சொல்பவர் வேகத்தைக் குறைத்தால் கூட்டம் தானே குறைத்துக்கொள்ளும்.

ஆண்டு விழாவையொட்டி மருத்துவ முகாம் வைக்கும் பங்குகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகாம்களில் பெரும்பாலும் உட்கார வைத்து ஒருமுறை பிரஷர் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அறுபது வயதைக் கடந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால், இரண்டு அளவுகளையும் சீட்டில் எழுதிக் கொடுத்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ அவர்தான் மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பைப் பார்த்து யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது.